சத்தமில்லாத துப்பாக்கி

"எவ்வளவு சத்தமில்லாமல் வேண்டும்?" என்று போன சனிக்கிழமை துப்பாக்கிக் கடைக்காரர் என்னைக் கேட்டார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்கிற மாதிரியா இது? சத்தம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்படியே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தோட்டாப் பெட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தார். "சத்தமில்லாத ரைஃபிள் என்று எதுவும் இல்லை. சத்தம் குறைந்த தோட்டாதான் உண்டு" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, விலை அட்டையை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு, "வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன்" என்று கிளம்பி வந்துவிட்டேன். மிக்ஸி வாங்கவே மூன்று தீபாவளித் தள்ளுபடி பார்க்கிற வம்சத்தில் பிறந்தவன் வேறென்ன செய்வேன்?

எந்தத் துப்பாக்கி நல்லது என்பதைக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் முயலைப் பற்றி இரண்டு வார்த்தை.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வின்செல்சி என்கிற சின்ன ஊருக்குப் பக்கம். குடியேற உலகத்தில் எவ்வளவோ இடம் இருக்க, முயல் தொல்லையின் பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்கிற பணக்காரர் இங்கிலாந்திலிருந்து 24 முயல்களைக் கப்பலில் வரவழைத்து, இங்கே பார்வன் பார்க் என்கிற தன் பண்ணையில் விட்டார். பொழுதுபோக்குக்குச் சுட அவருக்கு முயல் வேண்டியிருந்தது. ஐம்பதே வருடத்தில் அவை கண்டத்தின் மறுகோடிக்குப் போய்விட்டன. மேற்கு ஆஸ்திரேலியாக்காரர்கள் 1901-இல் தொடங்கி 1907 வரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டார்கள். வேலி முடிவதற்கு முன்பே முயல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. நமக்கும் இந்த மாதிரித் திட்டங்கள் பழக்கம்தான்.

ஆஸ்டினின் மனைவி எலிசபெத் பிற்பாடு கொடுத்த நன்கொடையில் மெல்பர்னில் ஒரு மருத்துவமனை எழுந்தது. அது இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. கணவர் முயல், மனைவி மருத்துவமனை. இந்தத் தம்பதிக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்பது கேட்கிற நாளைப் பொறுத்தது. நேற்றுக் காலை கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். வெந்தயக்கீரைப் பாத்தி முழுக்கப் போயிருந்தது. காம்பு ஒவ்வொன்றும் சாய்வாக, சுத்தமாக, ஒரே கடியில் வெட்டுப்பட்டிருந்தது. பக்கத்திலேயே உருண்டை உருண்டையாகப் புழுக்கை. பட்டாணிக் கொடியையும் ருசி பார்த்திருக்கிறது. கொத்தமல்லியை மட்டும் தொடவில்லை. பிடிக்காதாம். சிங்கத்தையே கிணற்றுக்குள் குதிக்க வைத்த குலம் அல்லவா, இஷ்டம்போல் தேர்ந்தெடுத்துச் சாப்பிடும்.

இங்கே முயல் சட்டப்படி தொல்லைப் பிராணி. நிலம் வைத்திருப்பவர் அதைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும் என்கிறது 1994-ஆம் வருடத்துச் சட்டம். ஆகவே நான் கோபத்தில் கிளம்பியவன் அல்லன், கடமைக்காகக் கிளம்பியவன். கோபமும் கொஞ்சம் உண்டு.

முயல் மேயக் கிளம்புவது பொழுது சாய்ந்த பிறகு. அதனால் ராத்திரி. பக்கத்துப் பண்ணையில் குதிரைகள் நிற்கின்றன, அதில் ஒன்று சினை. அதனால் சத்தம் கூடாது. இதை முடிவு செய்ய ஐந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஆலோசனை.

கடைக்காரர் நடத்திய பாடத்தின் சாரம் இது. துப்பாக்கிச் சத்தம் இரண்டு வகை. குழல் வாயில் வெடிமருந்தின் வாயு பீறிட்டு வரும்போது ஒன்று. தோட்டா சத்தத்தைவிட வேகமாகப் பறந்தால் வழியெல்லாம் சாட்டையடி மாதிரி இன்னொன்று. காற்றில் சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சாதாரண .22 தோட்டா ஏறக்குறைய 380 போகும். வேகத்தைக் குறைத்துச் செய்த சப்சோனிக் தோட்டா 320. சரி, 320 வாங்கினால் முடிந்தது என்று பையைத் திறந்தேன். "இருங்கள்" என்றார். குளிரில் சத்தத்தின் வேகமே குறையுமாம். பூஜ்யம் டிகிரியில் 331தானாம். அதனால் 335-இல் போகிற தோட்டா கோடையில் ஊமை, பனியில் வாயாடி. இன்னும் மெதுவானது வேண்டுமென்றால் 216 மீட்டரில் போகிற தோட்டாவும் இருக்கிறது. அது பொத்தென்று போய் விழுமாம். முயலுக்கு ரொம்பக் கிட்டே போய்ச் சுட வேண்டும். அவ்வளவு கிட்டே போக முடிந்தால் நான் அதனிடம் பேசியே தீர்த்துக்கொள்வேனே.

.17 என்று மெலிதான ஒரு ரகம் இருக்கிறது. மெலிதாக இருப்பதால் சாது என்று நினைத்தேன். வினாடிக்கு 770 மீட்டருக்கு மேல். குதிரைக்குப் பிரசவம் அன்றைக்கே ஆகிவிடும். சைலன்சர்? தமிழ்ப்பட வில்லன் சாவகாசமாகத் திருகித் திருகி மாட்டுவாரே, அதுவேதான். நியூசிலாந்தில் அது கடையில் கிடைக்கும். இங்கே என்னைப் போன்றவர்களுக்குத் தடை.

மிச்சம் இருப்பது காற்றுத் துப்பாக்கி. துப்பாக்கி விஷயத்தில் எனக்கு இருந்த ஒரே முன் அனுபவம் அதுதான்: மெரினாவில் பலூன் சுட்டது. இங்கே அதற்கும் லைசென்ஸ் வேண்டும். ஸ்பிரிங் வகை "டொய்ங்" என்று அதிரும். அடைத்த காற்றில் இயங்குவது நன்றாகச் சுடும், ஆனால் அதற்குக் காற்று அடைக்க வேண்டும், 200 பார் அழுத்தத்துக்கு. கைப்பம்பு தருகிறார்கள். கடையில் ஒரு பையன் அடித்துக் காட்டினான். அவனுக்கு இருபது வயதிருக்கும், ரக்பி ஆடுகிற உடம்பு. பாதியில் நிறுத்திவிட்டு, "மீதியை வீட்டில் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்" என்றான்.

வீட்டில் கலந்து பேசினேன். அதாவது, சிவகாசியிலிருந்து மாமனார் வீடியோவில் வந்தார். வாழ்நாள் முழுக்கப் பட்டாசுத் தொழிலில் இருந்தவர். வெடிக்கிற இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று சர்க்கார் விதி போட்ட நாளிலிருந்து மனம் உடைந்திருப்பவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "மாப்பிள்ளை, எனக்கு விளங்கலைங்க. சத்தம் வர்றதுக்குத்தானே காசு கொடுக்கணும்? வராம இருக்கிறதுக்கு எதுக்குக் கொடுக்கிறீங்க?" என்றார். பின்னாலிருந்து மைத்துனன், "மச்சான், ரெண்டு சரம் பத்த வைங்க, மொயலு ஜில்லாவை விட்டே ஓடிரும்" என்றான்.

இவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்திருக்கிறேன். துப்பாக்கி சத்தம் போடுவது ஒரு நொடி. அந்த நொடிக்காகத்தான் உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தை எவரும் பேசுவதில்லை. துப்பாக்கி வாங்குமுன் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, கையில் துப்பாக்கிக்குப் பதில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஒருநாள் இரவு பத்து மணிக்குக் கிளம்பினேன். எழுந்ததும் கட்டில் கத்தியது. எங்களுடையது பழைய மர வீடு. பகலில் ஊமையாகக் கிடக்கிற தரைப் பலகைகள் ராத்திரியில் தலைக்கு ஒரு சுருதி பிடிக்கும். அடுத்தது இரும்புப் பெட்டி. துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சட்டப்படி வேண்டியது. அது முதலிலேயே வந்துவிட்டது. துப்பாக்கி வரும்வரை சும்மா இருப்பானேன் என்று என் மனைவி அதில் வற்றல் டப்பாக்களை அடுக்கியிருக்கிறாள். ஒத்திகை என்றால் எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும் என்று அதைத் திறந்தேன். கதவு நீளமாக ஒரு ராகம் இழுத்தது, சுண்டை வற்றல் டப்பா உருண்டது, "என்னங்க, இந்நேரத்துக்கு வத்தக்குழம்பா?" என்று உள்ளிருந்து குரல். தோட்டாவைத் தனியாகப் பூட்ட வேண்டும் என்பது விதி, ஆகவே அதற்கும் ஒரு சாவி, அதற்கும் ஒரு கிலுகிலு. பிறகு கொசுவலைக் கதவு. ஸ்பிரிங் வைத்த கதவு. கையால் பிடித்து மெல்ல விட்டாலும் கடைசி அங்குலத்தில் "டப்" என்று தன் கடமையைச் செய்துவிடும்.

வெளியே வந்தால் மழைக்கோட்டு. கடையில் வாங்கும்போது அது பேசவே இல்லை. இருட்டில் கையை அசைத்தால் சர், காலை வைத்தால் சர். ஜிப்பை ஏற்றினால் தனிக் கச்சேரி. காலடியில் ஜல்லி. ஜல்லியை விட்டுப் புல்லில் இறங்கினால் முழங்கால் "மடக்" என்றது. அது நான் ஊரிலிருந்து கொண்டு வந்தது. பக்கத்துப் பண்ணையில் கெல்ப்பி நாய் ஒரு தடவை குரைத்து, பதில் வருகிறதா என்று காத்திருந்து, மறுபடி குரைத்தது. வயலில் படுத்திருந்த ஆள்காட்டிக் குருவி எழுந்து வட்டமடித்தபடி மாவட்டத்துக்கே என் வருகையை அறிவித்தது. நான் மூச்சுக்கூட விடாமல் நின்றேன். குளிர்ந்த காற்று மூக்கில் ஏறியது. தும்மினேன். எங்கள் குடும்பத்தில் ஒற்றைத் தும்மல் வழக்கமில்லை. அது அடங்கிய நேரத்தில் பையில் ஃபோன் அடித்தது. இங்கே ராத்திரி பத்து என்றால் அங்கே மாலை ஐந்தரை. டீ குடித்துவிட்டு, ஆற அமரப் பேசலாம் என்று மாமனார். "மாப்பிள்ளை, சுட்டாச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

ஸ்பாட்லைட்டை அடித்தேன். சிவப்புச் சிவப்பாகக் கண்கள். ஓடவில்லை. பாத்திக்குள் உட்கார்ந்து என்னைப் பார்த்தபடியே மென்றுகொண்டிருந்தன. ஒன்று மட்டும் பின்னங்காலால் தரையைத் தொப்பென்று தட்டியது. அது அபாய எச்சரிக்கை என்பார்கள். எனக்கென்னவோ, இடைவேளை முடிந்தது, உட்காருங்கள் என்று சொன்ன மாதிரிதான் பட்டது.

இதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய பெரியவர்களெல்லாம் இந்தப் பிராணியிடம் தோற்றிருக்கிறார்கள். 1887-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு முயலை ஒழிக்க வழி சொல்பவருக்கு 25,000 பவுண்டு என்று அறிவித்தது. லூயி பாஸ்டரே கோழிக் காலராக் கிருமியோடு தன் மனைவியின் சகோதரி மகனை அனுப்பிப் பார்த்தார். பரிசு கிடைக்கவில்லை. 1950-இல் மிக்ஸோமா வைரஸைப் பரப்பினார்கள். அதே சமயம் ஜனங்களுக்கு மூளைக்காய்ச்சல் வரவே, இதனால்தான் என்று ஊரே பயந்தது. ஃப்ராங்க் ஃபென்னர், மாக்ஃபார்லேன் பர்னெட், இயன் க்ளூனிஸ் ராஸ் என்று மூன்று விஞ்ஞானிகள் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டு, மனிதனுக்கு ஒன்றும் ஆகாது என்று காட்டினார்கள். முயல்கள் கோடிக்கணக்கில் செத்தன. பிறகு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்டு திரும்பி வந்தன. குவீன்ஸ்லாந்தில் இன்றைக்கும் முயலைச் செல்லப் பிராணியாக வளர்க்க முடியாது. மேஜிக் செய்கிறவருக்கு மட்டும் அனுமதி தருகிறார்கள். எனக்குத் தெரிந்து, முயலை மறையச் செய்வதாக நாலு பேர் முன்னால் துணிந்து சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

இதையெல்லாம் பக்கத்துப் பண்ணைக் கிழவரிடம் வேலியில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன், குதிரையின் நலத்தையும் விசாரித்துக்கொண்டு. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, துப்பாக்கி மிச்சம் மீதியைத் தீர்க்கத்தான் உதவும் என்றார். விவசாய அதிகாரிகள் சொல்வதும் அதுவே. முயல் நிற்பது வளையால். வளை இருக்கிறவரை எத்தனை சுட்டாலும் அந்த இடத்துக்கு வேறொன்று வரும். ஒரு மாதத்துக்கு ஒரு பிரசவம் பார்க்கிற ஜாதி. வளையை இரண்டு மூன்றடி ஆழத்துக்கு ரிப்பர் என்கிற இரும்புக் கொழுவை இறக்கிக் கிழித்து உழுது மூடிவிட வேண்டும். அதைப் பட்டப்பகலில், டிராக்டரைக் கத்த விட்டுத்தான் செய்ய முடியும். குதிரைகள் டிராக்டருக்குப் பயப்படாதாம், பழகிவிட்டதாம்.

ஆகவே வாசகர்களே, இங்கே கோலாக், ஜீலாங் பக்கம் ரிப்பர் பூட்டிய டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். ஆலோசனை வேண்டாம். ஃபோன் நம்பர் மட்டும் போதும்.