மூழ்கிய கப்பலில் பிளேஸ்மென்ட்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் வருடம் முடியும் தறுவாயில் ஓர் அதிசயம் நடக்கும். அதுவரை 'வாயை மூடு' என்ற ஒரே கட்டளையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளை அரங்கத்தில் உட்கார வைத்து, கோட்டு போட்ட ஒருவரை மேடையேற்றி, 'வாயைத் திற' என்று சொல்ல வைப்பார்கள். அவர்தான் சாஃப்ட் ஸ்கில்ஸ் ட்ரெயினர். "என்ன ஸ்டூடன்ட்ஸ், எனர்ஜியே பத்தல, இன்னொரு தடவை குட் மார்னிங் சொல்லுங்க" என்பார். முந்நூறு பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். பேச்சுப் பயிற்சி முடிந்தது. இதற்கான ஃபீஸ், பிளேஸ்மென்ட் ட்ரெயினிங் என்ற கணக்கில், பிள்ளை கல்லூரிக்குள் கால் வைத்த அன்றைக்கே வசூலாகிவிட்டது.

அதுவரை அந்தப் பிள்ளை எப்படி வளர்ந்தது? பாடத்தை வரி விடாமல் உருப்போட வைக்கும் உறைவிடப் பள்ளியில் வளர்ந்தது. நாமக்கல் பக்கம் தொழிலாகவே செழித்த முறை அது. புத்தகத்தில் இருக்கும் வரியில் ஒரு கால்புள்ளி மாறினாலும் மார்க் போய்விடும் என்று பயமுறுத்தப்பட்ட பிள்ளை. கல்லூரிக்கு வந்து, வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டது. 'அதிகப்பிரசங்கி' என்று இன்டெர்னல் மார்க்கில் இரண்டைக் குறைத்தார்கள். மாணவர் பேரவைத் தேர்தல் என்ற ஒன்று இருந்ததாக அதற்குத் தெரியவே தெரியாது. ஆணும் பெண்ணும் வராந்தாவில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் ஐடி கார்டைப் பிடுங்கி, அப்பாவை வரவழைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கும் அதே நிர்வாகம்தான் இப்போது பாடம் எடுக்கிறது: "குரூப் டிஸ்கஷன்ல ஐ கான்டாக்ட் ரொம்ப முக்கியம்."

அடுத்து சுய அறிமுகம். தூத்துக்குடியிலிருந்து ஓசூர் வரை எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஒரே ஒப்புவிப்புதான். பெயர், ஊர், அப்பா விவசாயி, அம்மா ஹோம் மேக்கர். பலம் ஹார்டு ஒர்க். பலவீனம், 'ஐ டிரஸ்ட் பீப்பிள் ஈஸிலி.' ட்ரெயினர் எழுதிக் கொடுத்த வசனங்களிலேயே உண்மையானது இது ஒன்றுதான். நுழைவாயில் பிளெக்ஸ் பலகையில் இருந்த '100 சதவீத பிளேஸ்மென்ட்'டை நம்பித்தானே அந்தப் பிள்ளை உள்ளே வந்தது!

இது நடப்பது எந்த ஊரில் என்று பாருங்கள். மேடைப்பேச்சால் ஆட்சியைப் பிடித்த ஊர் இது. பச்சையப்பன் கல்லூரியில் படித்த அண்ணாதுரை மேடையில் நின்றால் மைதானம் நிறையும். 1967இல் கோட்டையே கைமாறியது. கைகளை எந்தக் கோணத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்ததாகத் தெரியவில்லை. சொல்வதற்கு விஷயம் இருந்தது, சொன்னார். நம் பிள்ளைகளிடமும் விஷயம் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் அப்பா நெல்லோடு காத்துக் கிடந்த கதையை கல்லூரிப் பேருந்தின் கடைசி சீட்டில் ஒருவன் சொல்லும்போது கேட்டுப் பாருங்கள். எடை போடுபவனின் குரலும் வரும், ஏமாந்தவனின் குரலும் வரும். அதே பையனை மேடையேற்றி, 'குளோபல் வார்மிங் பற்றி இரண்டு நிமிடம், இங்கிலீஷில்' என்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. உடனே 'கான்ஃபிடென்ஸ் இல்லை' என்று சீட்டெழுதிக் கொடுக்கிறார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாக வேண்டும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதை ஏழு நாள் முகாமில் ஊற்றிவிட்டு, ஏறவில்லை என்று பிள்ளை மேல் பழி போடும் அயோக்கியத்தனம் இருக்கிறதே!

(அந்த ட்ரெயினரைத் தனியாக ஓரம்கட்டி விசாரித்துப் பாருங்கள். பல இடங்களில் அவரும் பொறியியல் படித்து, வேலை கிடைக்காமல், நாள் கூலிக்குக் கோட்டு மாட்டியவர்தான்.)

பேச்சு முடிந்தால் அடுத்த பாடம் 'ஆன்லைன் ப்ரொஃபைல்'. வேலை தேடுவோர் தம்மைக் காட்டிக்கொள்ளும் லிங்க்டுஇன், எழுதிய நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப், இரண்டிலும் கணக்கு கட்டாயம். முன்னதை 2016இல் 2,620 கோடி டாலருக்கும், பின்னதை 2018இல் 750 கோடி டாலருக்கும் விலை பேசி வாங்கியது மைக்ரோசாஃப்ட். ஆக, நம் பிள்ளைகள் பவுடர் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும் இரண்டு வாசலுக்கும் முதலாளி ஒருவரே. நிற்பவர்களுக்குத்தான் கூலி கிடையாது.

கணக்கைத் திறந்தாயிற்று, அதில் போட ஏதாவது வேண்டுமே? இருக்கவே இருக்கிறது ஆன்லைன் இன்டர்ன்ஷிப். ஒரு படிவத்தை நிரப்பினால் போதும், நேர்முகம் கிடையாது, மறுநாளே ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்து விழும். நிறுவனத்தின் அலுவலகம் எங்கே, முதலாளி யார் என்று கேட்கக் கூடாது. முதல் பணி என்ன தெரியுமா? அந்த ஆஃபர் லெட்டரை லிங்க்டுஇன்னில் போட்டு, நிறுவனத்தை டேக் செய்து, பூரித்துப்போனதாக எழுத வேண்டும். அதாவது, சம்பளமில்லாத விளம்பர ஏஜென்ட். அப்புறம் ஒரு கால்குலேட்டருக்கும் ஒரு டூ-டூ லிஸ்ட்டுக்கும் நிரல் எழுத வேண்டும். கடைசியில் சான்றிதழ்; சில இடங்களில் அதற்கும் பிள்ளைதான் பணம் கட்ட வேண்டும்.

டேட்டா சயின்ஸ் என்றால் பணி இன்னும் கம்பீரமானது. டைட்டானிக் கப்பலில் யார் பிழைப்பார்கள் என்று கணிக்க வேண்டும். 1912இல் மூழ்கிய கப்பல். கையில் கொடுக்கும் 891 பயணிகளின் பட்டியலில், யார் பிழைத்தார், யார் செத்தார் என்ற விடையும் பக்கத்திலேயே இருக்கிறது. அது முடிந்தால் ஐரிஸ் பூ. 1936இல் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் தம் கட்டுரையில் பயன்படுத்திய 150 பூக்களின் அளவு. பயிற்சிக்கு இவை நல்ல கணக்குகள்தான், மறுக்கவில்லை. ஆனால் செமஸ்டருக்குச் செமஸ்டர் நம் மாநிலத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அதே கப்பலில் ஏறி, அதே பிணங்களை எண்ணி, அதை 'என்னுடைய ப்ராஜெக்ட்' என்று மாட்டி வைக்கிறார்களே, கல்லூரி வாசலில் இறங்கினால் கண்ணில் படும் ஏரி ஏன் வற்றியது என்று கணக்குப் போட ஒரு துறைத் தலைவராவது சொல்லியிருப்பாரா?

கிட்ஹப்பில் வேறொரு வித்தை. ப்ரொஃபைல் பக்கத்தில் நாளுக்கு ஒரு கட்டம்; அன்று வேலை செய்தால் அது பச்சையாகும். கம்பெனிக்காரர்கள் பச்சையைப் பார்ப்பார்களாம். கிட்ஹப்புக்கு அடியில் ஓடும் கிட் மென்பொருளில் தேதியை நாமே இட்டுக்கொள்ளலாம் என்பதால், பத்து வரி நிரல் எழுதி ஒரே ராத்திரியில் வருடம் முழுவதையும் பச்சையாக்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் தண்ணீரே இல்லாமல் விளையும் ஒரே பயிர் இதுதான்.

பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ரெக்கார்டு நோட்டு. லேபில் ஐந்து பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், அவற்றிலும் சிலவற்றுக்கு மவுஸ் இல்லை. ப்ரோக்ராம் ஓடாவிட்டால் என்ன, சீனியரின் நோட்டைப் பார்த்து வலப்பக்கம் பேனாவால் நிரலையும், இடப்பக்கம் பென்சிலால் வராத அவுட்புட்டையும் எழுதிக்கொண்டு போனால், மேடம் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுவார். செய்யாத வேலையை அழகாகக் காட்டுவதுதான் படிப்பு என்று முதல் செமஸ்டரிலேயே பாடம் நடத்தியாயிற்று. லிங்க்டுஇன்னில் அவர்கள் எழுதுவது அதே ரெக்கார்டு நோட்டு.

அதையும் தூக்கிச் சாப்பிடுவது நிர்வாகத்தின் ப்ரொஃபைல். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது: 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேராசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று. முறைகேடு உண்மைதான் என்று அண்ணா பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டு விசாரணைக் குழு போட்டது. ஒரே ஆசாமி காலையில் ஒரு மாவட்டத்தில் தெர்மோடைனமிக்ஸ் நடத்தி, அதே மணியில் இன்னொரு மாவட்டத்திலும் நடத்துகிறார். சித்தர்களுக்கே கைகூடாத சித்தி! பேராசிரியரையே பென்சிலால் வரைந்து அங்கீகாரம் வாங்கிய கல்லூரிகள்தான், 'ரெஸ்யூமேயில் பொய் எழுதாதே, எத்திக்ஸ் முக்கியம்' என்று பிள்ளைகளுக்குப் போதிக்கின்றன.

கடைசி வருடத்தில் ஒரு நாள் அப்பா வருவார். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை, அதற்குள் கல்விக் கடன் பாஸ்புக்.

"சார், பையனுக்கு ஏதாச்சும் அமையுங்களா?"

"அப்பா, நாங்க எல்லா ட்ரெயினிங்கும் குடுத்துட்டோம். உங்க பையன் ப்ரொஃபைல் ஸ்ட்ராங்கா இல்லையே."

"அதுக்கு என்னங்க சார் செய்யணும்?"

"கம்யூனிகேஷன் டெவலப் பண்ணச் சொல்லுங்க."

நான்கு வருடம் ஃபீஸ் கட்டிய மனிதர், தன் மகனிடம்தான் ஏதோ கோளாறு என்று நம்பிக்கொண்டு பேருந்து ஏறுகிறார். வீட்டுக்குப் போய் மகனைத் திட்டுவார். எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான்.

சரி, ப்ரொஃபைல் ஸ்ட்ராங்காக இருந்தவர்கள் கதை? ஐடி நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறது. வாடகை ஏறியது, பெட்ரோல் ஏறியது, செமஸ்டர் ஃபீஸ் ஏறியது. அது மட்டும் அசையவில்லை. 2022இல் ஆஃபர் லெட்டர் கொடுத்த ஒரு பெரிய நிறுவனம், சுமார் இரண்டாயிரம் பேரை இரண்டு வருடம் காக்க வைத்தது. ஐடி ஊழியர் அமைப்பு ஒன்று மத்திய தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கும் வரை போயிற்று. இப்படி மாட்டிக்கொண்ட பிள்ளை ஏற்கெனவே பூரித்துப்போனதாக லிங்க்டுஇன்னில் அறிவித்து முந்நூறு லைக் வாங்கியிருக்கும். இனி ஏமாந்துவிட்டேன் என்று அங்கே எழுத முடியாது, பிராண்ட் கெட்டுவிடும். பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் இதைப் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்த வருடம் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) விதிப்படி ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும் தன் இணையதளத்தில் 'மேண்டேட்டரி டிஸ்குளோஷர்' என்ற பெயரில் ஆசிரியர் பட்டியலையும் ஆய்வக விவரங்களையும் வெளியிட வேண்டும். அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒரு வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், நேரில் போங்கள். பட்டியலில் உள்ள பேராசிரியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லி, ஓடும் கம்ப்யூட்டர்களை எண்ணுங்கள். வாட்ச்மேன் தடுத்தால், வேறு கல்லூரி பாருங்கள்.