காரகத்திணை: ஹீட்டரில் குளிர்காற்று வருதல் குறித்து ஓர் ஆய்வு

குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். இலக்கணம் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டு, கார் ஹீட்டர் பற்றி வாயே திறக்கவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், கடல் மட்டத்துக்குச் சுமார் 2,240 மீட்டர் மேலே உள்ள ஊட்டி. பொழுது, தை மாதத்து யாமம். தலைகுந்தாப் புல்வெளியில் உறைபனி இறங்கும் நேரம். கருப்பொருள், இவ்வாசிரியன் சமவெளியிலிருந்து ஓட்டிவந்த பழைய பெட்ரோல் கார். குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பியும் வந்தது குளிர்காற்றே. "மாப்பிள்ளை, அந்த ஏசியை அணைச்சிடுங்களேன்" என்றார் பின்சீட்டிலிருந்து மாமியார். ஏசி ஓடவில்லை.

1. சொற்பொருள்

ஹீட்டர் என்பது அடுப்பு அன்று. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலண்டில் இறங்குகிறது. 90 டிகிரி வாக்கில் சூடேறிய அந்தக் கூலண்டில் கொஞ்சம், இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியே டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. ஃபேன் அதன்மீது காற்றை ஊதுகிறது. எஞ்சின் வேண்டாமென்று தள்ளுவதில் நாம் குளிர்காய்கிறோம். மின்சாரக் கார்கள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

2. உரிப்பொருள் ஐந்து

சுடுநீரின் வெப்பமும் காற்றும் கூடுவது புணர்தல். அது ஆரோக்கியம். மற்ற நான்கும் ஆய்வுக்குரியன.

இருத்தல்: எஞ்சின் சூடாகும்வரை ஹீட்டரும் சூடாகாது. சாவியைத் திருப்பிய கையோடு ஏசுவோர், முல்லைத் தலைவியிடம் பொறுமை கற்க. இது நோயன்று.

ஊடல்: பானெட்டைத் திறந்து, கேபினுக்குள் நுழையும் இரு ஹோஸ்களையும் விரல் நுனியால் தொட்டுப் பார்க்க. இரண்டும் சுட்டால் உள்ளம் கொதிக்கிறது, முகம்தான் கொடுக்கவில்லை என்பது குறிப்பு. காற்றைத் திருப்பிவிடும் உள்கதவோ அதன் கேபிளோ சிக்கியிருக்கும். எளிதில் தீரும் ஊடல்.

இரங்கல்: முன்கண்ணாடியில் பிசுபிசுத்த ஆவி, கால்மிதியில் ஈரம், உள்ளே ஒரு தித்திப்பு வாடை. குட்டி ரேடியேட்டர் அழுகிறது. அதை மாற்றப் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும்; பில்லைக் கண்டபின் இரங்கல் உரிமையாளரைச் சேரும்.

பிரிதல்: கூலண்ட் ஒழுகிப் பிரிந்தால் அவ்விடத்தில் காற்று குடியேறும், 'ஏர் பிடிச்சிருக்கு' என்பது பட்டறை வழக்கு. நின்றால் குளிரும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடாகும். ஒழுகலை அடைத்து, கூலண்டை நிரப்பி, ஏரை எடுத்தால் தீரும். ஒரு ஹோஸ் சுட்டு மற்றது குளிர்ந்தால் பெரும்பாலும் அடைப்பு. வருடக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றியதன் துருப்பயன்.

3. மூலபாடச் சிக்கல்

ஆய்வுக்குரிய காரோ இந்நான்கிலும் அடங்கவில்லை. கூலண்ட் நிறைவு, கால்மிதி உலர்வு. ஊரை ஒரு சுற்றுச் சுற்றியும் இரு ஹோஸ்களும் ஆறிய காபிச் சூட்டில் இருந்தன. டேஷ்போர்டில் வெப்ப முள் அடிக்கோட்டை விட்டு எழவில்லை. மறுநாள் காலை ஊட்டி மெக்கானிக் ஒருவர் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமே இல்லீங்களே!" சுவடியில் ஓர் ஏடு காணவில்லை.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த வால்வு. கூலண்ட் 80 டிகிரியைத் தாண்டும்வரை அதை ரேடியேட்டர் பக்கம் போகவிடாது. அகத்திணையார் இதை இற்செறிப்பு என்பர்.

இதன்மேல் சமவெளிப் பட்டறையாரின் கட்சி: "அது இருந்தாத்தான் சார் வண்டி ஹீட் ஆகும். கழட்டிப் போட்டுடலாம்." மூன்று கோடைக்கு முன் அதற்குத் தலையாட்டியவன் இக்கட்டுரை ஆசிரியனே.

மறுப்பு: கெட்டு மூடியபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட்டால் வண்டி கொதிக்கும் என்பது மெய், அதற்கு மருந்து புதியது போடுவது. ரேடியேட்டர் அடைப்பு, ஓடாத ஃபேன், பழுதான பம்ப் ஆகியவற்றுக்குத் தெர்மோஸ்டாட்டைத் தண்டிப்பது முறையன்று. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும், சீக்கிரம் தேயும். இங்கே ஹீட்டர் நோயாளியே அன்று. வெயிலுக்குப் பயந்து கீழே செய்த வைத்தியம் மேலே வந்து குளிரடித்தது.

4. முடிபு

புதிய தெர்மோஸ்டாட்டுக்குச் சில நூறு ரூபாய் ஆயிற்று. அரைமணியில் ஹீட்டர் மாமியாரின் நற்சான்று பெற்றது.

மலையேறப் போகிறவர்களுக்கு: எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். கிளம்புமுன் உங்கள் மெக்கானிக்கிடம், "தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.