மூஸுக்கு உன்ர சப்பாத்தின்ர விலை தெரியாது

காட்டுக்குப் போக முன்னம் கடைக்குப் போறது இப்பத்தைப் பொடியளின்ர சாத்திரம். நீயும் போட்டு வந்திட்டாய் போலை கிடக்கு, தம்பி. சப்பாத்து ஒரு சோடி. ஊண்டித் தடி ரெண்டு. முதுகுப் பை. அந்தப் பைக்கு ஒரு மழைக்கோட்டு. பைக்கு வாங்கினாய் சரி, உனக்கு வாங்கினியோ? இல்லை. அதுதானே பாத்தன்.

நான் ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோடை வளந்த மனிசன். இப்ப ஸ்காபரோவிலை மாடி வீட்டுக்குள்ளை குந்தி இருந்தாலும் காட்டுப் புத்தி விட்டுப் போகேல்லை. அங்கை பாலையும் வீரையும் நிண்டுது. இஞ்சை மேப்பிளும் ஸ்ப்ரூஸும் நிக்குது. அங்கை யானை, இஞ்சை மூஸ் எண்ட பெரிய மான். மரத்தின்ர பேர் மாறினால் மனிசன்ர மூளையையும் மாத்த வேணுமோ?

எங்கை போறாய்? அல்கொங்குவின் எண்டாய். நல்ல இடம். 1893 இலை ஒதுக்கின காடு. 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேலை. யாழ்ப்பாண மாவட்டத்தை ஏழு தரம் உள்ளுக்கை வைக்கலாம், பிறகும் இடம் கிடக்கும். அவ்வளவு காட்டிலை உங்கட ஆக்கள் எதைப் பாக்கினம்? ஊடறுத்து ஓடுற 60 ஆம் இலக்க ரோட்டை. 56 கிலோமீற்றர். அதின்ர ரெண்டு கரையையும் பாத்திட்டு வந்து, மனிச வாடையே இல்லாத வனாந்தரம் கண்டம் எண்டு படம் போடுவினம். இலை பழுக்கிற புரட்டாசியிலை அந்த மனிச வாடை இல்லாத இடத்துக்கு உள்ளிட அனுமதியும் கிடையாது. சில நாள் முன்னமே பதிஞ்சு வைச்சிருக்க வேணும். இல்லாட்டில் வாசலோடை திரும்பு. காட்டுக்குப் போக வரிசையிலை நிக்கிற காலமும் வந்திட்டுது, பார்.

மூஸ் பாக்க ஆசை எண்டாய். எங்கை தேடுவாய்? பத்து மைல் உள்ளுக்கை, சேத்துக்குள்ளை, தடி ரெண்டையும் ஊண்டிக்கொண்டோ? மே, ஜூன் மாதத்திலை அது நிக்கிறது ரோட்டுக்கரை வாய்க்காலிலை, மோனை. ஏன் தெரியுமோ? மாரி முழுக்கச் சுள்ளி திண்ட சீவன். உப்பைக் கண்ணாலை காணேல்லை. ரோட்டிலை பனி கரைய எண்டு கொட்டின உப்பு வழிஞ்சு வாய்க்காலுக்கை தேங்கிக் கிடக்கும். அதைக் குடிக்க வருகுது. நானூறு, ஐந்நூறு கிலோ மிருகம் உன்ர கார்க் கண்ணாடிக்குப் பக்கத்திலை, ஒரு சதம் செலவில்லாமல் நிக்குது. நீ அதை 80 கிலோமீற்றர் வேகத்திலை கடந்து போய், காட்டுக்குள்ளை ஒண்டையும் காணேல்லை எண்டு மூக்கைச் சிந்துவாய்.

கோடை பிறந்தால் அல்லி திண்ண ஏரிக்கு இறங்கும். விடியக்காலமை, இல்லாட்டில் பொழுது படேக்கை. நீ பத்து மணிக்கு எழும்பி, கோப்பிக் கடை வரிசையிலை நிண்டு, மத்தியான வெயிலிலை காட்டுக்கை இறங்குவாய். அதுமட்டும் மூஸ் வாசல்லை காத்து நிக்க அது என்ன உன்ர மாமியோ?

இன்னொண்டு. புரட்டாசி, ஐப்பசியிலை கடுவன் மூஸுக்கு மதம். கிட்டப் போகாதை. தலையைத் திருப்பு, சிரி எண்டு கேட்டால் அது சொல்வழி கேளாது. அவ்வளவு பெரிய கொம்பை வைச்சுக்கொண்டு நிக்குது எண்டு மலைக்காதை. மாரி வர அது கழண்டு விழுந்திடும். அடுத்த வருசம் புதுசு முளைக்கும். வருசா வருசம் புதுசு மாத்திறது நீ மட்டும்தான் எண்டு நினைச்சியோ? அதுக்குக் கடன் அட்டை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அருவிக்கு வா. மே நடுவிலை போனால் தண்ணி திரண்டு கொட்டும், நல்ல வடிவு எண்டு ஆரோ சொன்னவையாம். பொய்யில்லை. தண்ணி கொட்டும். கறுப்பிலையானும் கொட்டும். அதைச் சொன்னவையோ? அந்த இலையான்ர புழு வளருறது குட்டைத் தண்ணியிலை இல்லை. பாஞ்சு ஓடுற தண்ணியிலை, கல்லோடை ஒட்டிக்கொண்டு. நீ படம் பிடிக்கப் போற அருவிதான் அது பிறந்த வீடு. ஜூன் கடைசி மட்டும் அதின்ர ஆட்சி. நுளம்பு கூடுதலாய்ப் பொழுதுபடத்தான் வரும், இவர் பட்டப்பகல்லை வேலை செய்வார். காதுக்குப் பின்னாலை, தலைமயிர் தொடங்கிற இடத்திலை, காற்சட்டை விளிம்புக்குள்ளை. ரத்தம் வடியிறது தெரியும், கடிச்சது தெரியாது. கடும் நிறம் எண்டால் தேடி வந்து குந்தும். நீ என்ன நிறத்திலை சட்டை வாங்கினாய்? கறுப்பு. ஏன்? வடிவாம். ஆருக்கு வடிவு? இலையானுக்கு வடிவு. வீட்டிலை கிடக்கிற பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போடா. மேஸுக்குள்ளை காற்சட்டையைச் செருகு. உண்ணியும் உள்ள காடு அது. பாக்கிறவை சிரிப்பினம்தான். சிரிக்கட்டும். சொறியப் போறது அவைதானே.

இதுக்கிடையிலை காட்டுக் குளியல் எண்டு ஒண்டு வந்திருக்கு. 1982 இலை யப்பான் அரசாங்கம் தொடக்கி வைச்சது. காட்டுக்குள்ளை மெல்ல நட, மூச்சை இழு, மூச்சை விடு. நல்ல விசயம்தான், குறை சொல்லேல்லை. ஆனால் மூச்சு விட ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு கட்டணம், கடைசியிலை ஒரு சான்றிதழ் எண்டு வந்தால் கிழவனுக்குச் சிரிப்பு வராதோ? மே மாதத்திலை ஒருக்கால் மூச்சை இழுத்துப் பாரன். எத்தினை இலையான் உள்ளுக்கை போகுதெண்டு எண்ணிச் சொல்லு.

அருவியெண்டால் சுப்பீரியர் ஏரிக்கரையாலை வடக்கை போக வேணும். தண்டர் பேக்குப் பக்கத்திலை ககாபெகா கொட்டுது. 40 மீற்றர். ரொறன்ரோவிலை இருந்து ஒரு பகலும் பாதி இரவும் கார் ஓட வேணும். அவ்வளவு தூரம் ஓடின பிறகு நடக்கிறது எவ்வளவு? கார் நிப்பாட்டிற இடத்திலை இருந்து பலகைப் பாதை. பாட்டா செருப்போடை போகலாம். அதுக்கோ மோனை இந்த மலையேறுற சப்பாத்து?

அங்கை பழைய சுமைப் பாதை ஒண்டு இருக்கு. அனிஷினாபே எண்ட பூர்வகுடிச் சனம் வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த தடம். 1803 இலை ஃபோர்ட் வில்லியம் கோட்டை எழும்பின பிறகு தோல் வியாபாரிகளின்ர வள்ளக்காரரும் அதாலைதான் நடந்தவை. ஒரு கட்டு 40 கிலோ. அப்பிடி ரெண்டு கட்டை முதுகிலை ஏத்தி, நெத்தியிலை வார் போட்டு இழுத்துக்கொண்டு ஓடுவினம். நடக்கிறேல்லை, ஓடுறது. அவைக்கு அருவி எண்டால் வடிவோ? வயித்தெரிச்சல். இந்தச் சனியனைச் சுத்திக் கடக்க வேணுமே எண்டுதான் அந்தப் பாதையே. அருவியை விலத்தப் போட்ட பாதையிலை இப்ப நீ அருவியைத் தேடி நடக்கிறாய். முதுகிலை பத்துக் கிலோ. அதுக்கும் முனகல்.

அவை சுமந்தது என்ன தெரியுமோ? போகேக்கை சாமான், வரேக்கை பீவர்த் தோல். பீவர்த் தோல் எதுக்கு? ஐரோப்பாவிலை துரைமார் போடுற தொப்பிக்கு. ஒரு தொப்பி நாகரிகத்துக்காக ஒரு கண்டத்தையே குறுக்கை நடந்து முடிச்சவை, தம்பி. பீவர் அழிஞ்சு போற நேரத்திலை பட்டுத் தொப்பி நாகரிகமாச்சுது. பீவர் தப்பிச்சுது. இப்ப கனடாவின்ர அஞ்சு சதக் காசிலை ராசா மாதிரிக் குந்தி இருக்கு. கடைக்காரன் ஒண்டைப் புதுசு எண்டு சொன்னால் காடு என்ன பாடு படும் எண்டு பீவரைக் கேள், சொல்லும்.

ககாபெகாவிலை தண்ணி மெலிஞ்சு கிடந்தால் வானத்தைத் திட்டாதை. 1906 இலை இருந்து மேலை மறிச்சு மின்சாரம் எடுக்கினம். வேலிக்கு அங்காலை இறங்கவும் வேண்டாம். பாசி பிடிச்ச கல்லுக்கு 20 டொலர்ச் சப்பாத்தும் ஒண்டுதான், 300 டொலர்ச் சப்பாத்தும் ஒண்டுதான். நடந்து அருவி பாக்க வேணும் எண்ட உண்மையான ஆசை இருந்தால் சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவுக்குப் போ. மணல் ஆறெண்டு ஒண்டு, அதின்ர கரையோடை பிங்குவிசிபி எண்டொரு பாதை. துள்ளித் துள்ளி விழுகிற தண்ணியோடை நடக்கலாம்.

இனிக் கரடி. பையிலை சதங்கை கட்டியிருக்கிறாய். பரதநாட்டிய அரங்கேற்றமோ? உந்தச் சத்தம் காத்திலும் தண்ணிச் சத்தத்திலும் கரையும். எங்கட ஊரிலை பாலைப்பழக் காலம் எண்டால் கரடி மரத்திலும் நிக்கும், மரத்தடியிலும் நிக்கும். நாங்கள் என்ன செய்தம்? கதைச்சுக்கொண்டு போனம். கூப்பிட்டுக் கொண்டு போனம். காத்து அடிக்கேக்கை, வளைவு திரும்பேக்கை இன்னும் உரத்து. இஞ்சத்தைப் பூங்காக் காவலரும் அதைத்தான் சொல்லுகினம். கையைத் தட்டு, கதைச்சுக்கொண்டு போ. ஊர்க் கரடியை விட இந்தக் கறுப்புக் கரடி சாது. மனிசக் குரல் கேட்டால் கூடுதலாய் விலத்திப் போடும். ஆனால் நீ எங்கை கதைக்கப் போறாய்? காதுக்குள்ளை அடைச்சுக்கொண்டல்லோ நடப்பாய்.

மிளகாய்ச் சாறு அடைச்ச பேணி வாங்கினாய் எல்லோ, கரடிக்கு அடிக்க. அதை நுளம்பு மருந்தெண்டு உடம்பிலை பூசிப்போடாதை. கூடாரத்துக்குள்ளை சாப்பாடு வையாதை. பற்பசையும் வையாதை, அதுகும் மணக்கும். மனிசச் சாப்பாட்டின்ர ருசி கண்ட கரடி திரும்பித் திரும்பி வரும், கடைசியிலை சுட்டுத்தான் போடுவினம். உன்ர சொக்லேற்றுக்கு அது உயிரைக் குடுக்க வேணுமோ?

பாவம், உங்களிலும் பிழையில்லை. சின்னனிலையே கரடியைக் கட்டிப்பிடிக்கப் பழக்கிவிட்டினம். அந்தக் கதையும் ககாபெகாவுக்குப் போற வழியிலைதான் தொடங்கினது. 1914 இலை வைற் றிவர் எண்ட ஊரிலை, சண்டைக்குப் போற வழியிலை ஹரி கோல்போர்ண் எண்ட மிருக வைத்தியர் 20 டொலருக்கு ஒரு கரடிக்குட்டி வாங்கினார். வின்னி எண்டு பேர். லண்டன் மிருகக்காட்சிச் சாலையிலை வளந்தது. அதைப் பாத்துத்தான் 'வின்னி த பூ' பிறந்தது. அது வளத்த குட்டி, மோனை. காட்டிலை நிக்கிறது அந்தப் புத்தகம் வாசிக்காத கரடி.

உங்கட கூத்திலை எனக்குப் பிடிச்சது ஒண்டும் இருக்கு, மறைக்காமல் சொல்லுறன். அல்கொங்குவினிலை ஆவணி மாதம் பிறக்க ஓநாய்க் கூப்பாடு நடத்துவினம். 1963 இலை இருந்து நடக்குது. வியாழக்கிழமைப் பின்னேரம். முதல்நாள் இரவு காவலர் போய் ரோட்டுக்குக் கிட்ட ஓநாய் நிக்குதோ எண்டு பாப்பினம். நிண்டால்தான் கூட்டம். இல்லாட்டில் இல்லை. காசு கட்டினன், ரொறன்ரோவிலை இருந்து ஓடி வந்தன் எண்டு ஆரும் துள்ள ஏலாது. ஓநாய்க்கு வசதிப்பட்ட நாள்தான் நாள். கார் வரிசை வரிசையாய் இருட்டுக்கை போய் நிக்கும். ஆயிரத்துக்கு மேலை சனம் இறங்கும். ஒருத்தரும் மூச்சுக் காட்டாயினம். கார்க் கதவைக்கூட அடிச்சுச் சாத்தாயினம். காவலர் வாயைக் குவிச்சு ஊளை விடுவார். பேந்து பொறுத்து நிக்கிறதுதான். சிலவேளை மறுமொழி வரும். சிலவேளை வராது. வராமல் திரும்பின சனமும் முகம் கோணாது. ஆயிரம் பேர் இருட்டிலை கையை அமத்திக்கொண்டு நிக்கிறதுக்கு என்ன சாமான் வேணும்? ஒண்டும் வேண்டாம். வாய் மூடத் தெரிஞ்சால் காணும். மற்ற நாளிலை மட்டும் ஏன் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு காட்டுக்கை இறங்கிறியள்?

சாப்பாட்டையும் சொல்லிப்போடுறன். தண்ணி ஊத்தினால் சோறாகிற அந்தக் காய்ஞ்ச பக்கற்றுகளைக் கடைக்காரனிட்டையே குடு. புட்டும் கட்டாச் சம்பலும் கட்டினால் ஒரு பகல் தாங்கும். ஆனால் அம்மாவின்ர ஊறுகாயைப் போத்தலோடை வைச்சுக்கொண்டு வள்ளம் ஏறாதை. அல்கொங்குவின் உள்காட்டுக்குக் கண்ணாடிப் போத்தலும் தகரப் பேணியும் கொண்டு போக விடாயினம். பிளாஸ்திக் பேணியிலை மாத்து. ஏரித் தண்ணி கண்ணாடி போலை தெளிஞ்சு கிடந்தாலும் காய்ச்சிக் குடி. அதுக்குள்ளைதான் பீவரும் குடியிருக்கு, அதின்ர வயித்துக் கழிச்சலும் குடியிருக்கு.

மேஸ் ரெண்டு சோடி கூட வை, ரோச்சுக்கு பற்றி வை, எங்கை போறாய் எப்ப வருவாய் எண்டு வீட்டிலை எழுதி வை. ஊண்டித் தடி ரெண்டிலை ஒண்டை எனக்குத் தந்திட்டுப் போ. இல்லை, மே கடைசியிலைதான் போறாய் எண்டால் என்னையும் கூட்டிக்கொண்டு போ. காரிலை முன் சீற்று எனக்கு. மெல்ல ஓட்டு, வாய்க்காலை நான் பாக்கிறன்.