அம்மனுக்கே ரெண்டு நாளுதாண்டா தம்பி

வாடா தம்பி, இப்படித் திண்ணையில குந்து. அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வையி. கொழும்புல சூதாட்ட மாளிகை தொறந்துட்டாங்க, திருச்சியில ஏறினா ஒரு மணி நேரத்துல எறங்கிடலாம்னு காலையிலருந்து அளந்துக்கிட்டிருக்க. நம்ம சிறுவாச்சூர் மதுரகாளி வாரத்துல திங்களும் வெள்ளியுந்தான் கதவு தொறக்கறா. மிச்ச நாளு பெரியசாமி மலையில இருக்கான்னு சனங்க சொல்றது. குடுக்கறவளுக்கே ரெண்டு நாளு போதுது. புடுங்கறவனுக்கு ராத்திரி பகலா ஏழு நாளும் பத்தலியா?

அந்தக் கொழும்புக் கதை முழுசா தெரியுமா ஒனக்கு? தெரியாது. நீ பொறந்ததே நேத்து.

ஜேம்ஸ் பாக்கர்னு ஒரு ஆஸ்திரேலியப் பணக்காரர். 40 கோடி டாலர்ல பட்டணத்து நடுவுல ஒரு மாளிகை கட்டறேன்னு வந்தாரு. புத்த பிக்குங்க வேண்டாம்னாங்க, எதிர்க்கட்சி வேண்டாம்னுச்சு. 2015 ஜனவரியில ஆட்சி மாறுச்சு. சிறிசேன ஜனாதிபதியா ஜெயிச்சு வந்த அதே மாசத்துல, புது கேசினோ ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லிப்புட்டாங்க. பாக்கர் மூட்டையைக் கட்டுனாரு. ஊரே கைதட்டுச்சு. நானும் இங்கருந்து தட்டுனேன்.

அதுல ஒரு வேடிக்கை பாரு. புதுசுதான் வேண்டாம்னாங்க. அதே பட்டணத்துல ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்த பழைய கேசினோ பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. புது மாப்பிள்ளை குடிக்கக் கூடாதாம், பழைய மாப்பிள்ளை குடிச்சுட்டு வாசல்லயே கெடக்கலாமாம். என்ன நியாயம்டா இது?

வேடிக்கை அதோட முடியல. அப்பவே ஆரம்பிச்சிருந்த இன்னொரு கட்டடம், ஜான் கீல்ஸ் கம்பெனிது, ஓட்டலு கடைன்னு பேரு சொல்லி மெதுவா வளந்துச்சு. 2024ல அதுக்கு 20 வருசத்து லைசென்சு வந்துச்சு. 2025 ஆகஸ்ட்டுல தொறந்தே புட்டாங்க. வாசல்ல வேண்டாம்னு வெரட்டுன மாடு பத்து வருசம் கழிச்சு கொல்லைப்பக்கமா வந்து வைக்கப்போரை மேயுது. கேசினோன்னா மொகம் சுளிப்பாங்கல்ல, அதனால இப்ப அதுக்கு ‘ஒருங்கிணைந்த உல்லாச விடுதி’ன்னு பேரு. மாளிகையோட பேரு ‘சிட்டி ஆப் டிரீம்ஸ்’. கனவு நகரமாம். பேரு சரியாத்தான் வச்சிருக்கான். முழிச்சுப் பாத்தா கையில ஒண்ணும் இருக்காது.

இன்னொண்ணு கேளு. இலங்கைக்காரன் உள்ளே போகணும்னா வாசல்லயே வரி கட்டணும். 50 டாலரா இருந்ததை 2025ல 100 ஆக்கிட்டாங்க. தன் வூட்டுப் பிள்ளை போவக் கூடாதுன்னு வேலி. அடுத்த வூட்டுப் பிள்ளைக்கு மட்டும் வெத்தலை பாக்கு வச்சு அழைப்பு. அந்த அடுத்த வூட்டுப் பிள்ளை யாரு? நீதாண்டா மடையா.

பம்பாய்க்காரன் கூத்து வேற மாதிரி. 1976ல கேசினோவுக்குன்னு ஒரு சட்டம் போட்டான். ஒரு நாளுகூட அதை நடைமுறைக்குக் கொண்டாரல. 2023ல அதை ரத்து பண்ணுனான். 47 வருசம் தொட்டில்லயே கெடந்த பிள்ளை.

நம்ம ஊரு யோக்கியதை மட்டும் என்னவாம்? 1968ல நம்ம சர்க்காரே பரிசுச் சீட்டு வித்துச்சு. விழுந்தா வீட்டுக்கு, விழாட்டி நாட்டுக்குன்னு சொல்லித்தான் வித்தாங்க. எங்க சித்தப்பன் கூலி வாங்குன கையோட ஒரு சீட்டு வாங்கிட்டுத்தான் வூடு திரும்புவாரு. எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டப்பாவுல அடுக்கி வச்சிருந்தாரு. 2003ல லாட்டரிக்கே தடை வந்தப்ப டப்பாவைத் தொறந்து கொட்டுனோம். கலர் கலரா ரெண்டு மரக்கா தேறும். வீட்டுக்கு விழுந்தது அந்தக் காயிதந்தான். பேரப்புள்ளைங்க அதுல கப்பல் செஞ்சு வாய்க்கால்ல விட்டுச்சுங்க.

அப்பறம் போனுக்குள்ள ரம்மி வந்துச்சு. தடைன்னாங்க, கோர்ட்டு தள்ளுச்சு. மறுபடி தடைன்னாங்க. அது தெறமை வெளையாட்டுன்னு வக்கீலுங்க வாதாடுனாங்க. கடைசியில 2025ல டில்லிச் சட்டம் வந்து, தெறமையோ அதிட்டமோ, காசு கட்டி ஆடற ஆட்டம் போன்ல கூடாதுன்னுச்சு. தெறமையாம்! அம்புட்டுத் தெறமைக்காரன் ஏண்டா நெலத்தை அடகு வச்சான்?

வா, கணக்கு ஒண்ணு போடுவோம். பேரன் காட்டுனான், கேசினோவுல சுத்துற வட்டு. அதுல சைபர்லருந்து 36 வரைக்கும் 37 குழி. நீ ஒரு குழிக்கு ஒரு ரூவான்னு 37 குழிக்கும் வையி. எங்க உருண்டை விழுந்தாலும் நீதான் ஜெயிச்சவன், சரிதானே? ஜெயிச்ச குழிக்கு 35 ரூவா தருவான், நீ வச்ச ஒத்த ரூவாவும் திரும்ப வரும். ஆக 36. வச்சது 37. ஒரு ரூவா எங்க? அந்த ஒரு ரூவாயிலதாண்டா அந்தப் பளிங்குத் தரை, அந்தத் தொங்கு விளக்கு, ஒனக்கு ஓசியில ஊத்தற சரக்கு எல்லாம். அவன் ஏமாத்தவே வேண்டாம். நீ ஒக்காந்தா போதும்.

நீயும் வெங்காயம் போட்டு சூதுதானே ஆடற தாத்தான்னு கேப்ப. கேளு. ஆமாண்டா. சின்ன வெங்காயம் போடறதும் சூதுதான். மழை ஒரு கட்டை, திருகல் நோய் ஒரு கட்டை, யாவாரி சொல்ற வெலை ஒரு கட்டை. போன தடவை பட்டறையில போட்டு வச்சேன், வெலை ஏறும்னு. ஏறல. பாதி அழுகி நாத்தம் தெருவுக்கே அடிச்சுச்சு. ஆனா தோத்தாலும் காடு அங்கதான் கெடந்துச்சு. அடுத்த மழைக்கு ஏரு ஓட்டுனேன். வட்டுல தோத்தவன் எதை ஓட்டுவான்?

வள்ளுவரு சூதுக்குன்னே ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்காரு, 94. அதுக்கு முன்னால என்னன்னு பாத்தியா? கள்ளுண்ணாமை. பின்னால? மருந்து. மனுசன் வரிசையாத்தான் வச்சிருக்காரு.

நாளைக்கே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ‘உல்லாச மையம்’னு ஒருத்தன் போர்டு மாட்டினாலும் மாட்டுவான். தீர்மானம் போட்டு வெரட்டுவாங்க, மேளம் அடிப்பாங்க. அடிக்கட்டும். நீ மட்டும் பத்து வருசம் கழிச்சு அதே எடத்துல என்ன போர்டு தொங்குதுன்னு போயிப் பாரு. அப்ப நான் இருக்க மாட்டேன்.

சரி, போனை எடுத்துக்க. டிக்கெட்டு போட்டுட்டியா? போடலியா? அப்ப வெள்ளிக்கிழமை காலையில வா. கோயிலுக்குப் போயிட்டு வந்து பட்டறைக்குக் கீத்து மாத்தணும். ஒரு ஆளு கொறையுது.