குச்சிக்காரத் தம்பிக்கு நாலு வார்த்தை

ஏனுங் தம்பி, இந்தக் கோடைக்கு அமெரிக்காவுல டேங்கிள்வுட் இசைப் பள்ளிக்கூடத்துல படிக்கற பசங்க ஆர்கெஸ்ட்ராவுக்கு வெளியூர்க் கண்டக்டரு நீங்கதானாமா? நெம்ப சந்தோசமுங்க. மேடையில அத்தனை பேரு இருந்தும், சத்தமே வராத சாமானை வெச்சிருக்கறது நீங்க ஒருத்தருதான். பசங்களுக்குப் படிப்பும் தங்கற எடமும் எனாம், சம்பளம் கெடையாது. சம்பளம் உங்களுக்கு மட்டுந்தான். குடுத்து வெச்ச பொறப்புங்க.

பசங்கதானேன்னு மட்டும் ஏமாந்துராதீங்க. 1940ல செர்ஜ் கூசெவிட்ஸ்கி அந்தப் பள்ளிக்கூடத்தை ஆரம்பிச்சப்ப மொத வருசம் வந்த பசங்கள்ல ஒருத்தருதான் லெனார்ட் பெர்ன்ஸ்டைன். 1958ல பம்பாய் சூபின் மேத்தாவும் இத்தாலிக்கார கிளாடியோ அப்பாடோவும் வந்தாங்க. 1960ல வந்த செய்ஜி ஒசாவா, பொறவு 29 வருசம் பாஸ்டன் சிம்பொனிக்கே தலைவரா இருந்துட்டுப் போனாரு. அப்படி நாளைக்கு ஆகப்போறவன் எவனாச்சும் உங்க ஒத்திகையிலயும் கடைசி வரிசையில ஸ்கோரை மடியில விரிச்சுட்டு உக்காந்திருப்பான். நீங்க கோட்டை விடற எடத்துலயெல்லாம் பென்சில்ல ஒரு புள்ளி வெப்பான். ரொம்ப மரியாதையான பையனுங்க, வெளிய ஒண்ணுஞ் சொல்ல மாட்டான்.

கூசெவிட்ஸ்கி கதை உங்களுக்குத் தெரியாம இருக்காது. மனுசன் ஆதியில டபிள் பேஸ் வாசிச்சவரு. கட்டுனது தேயிலை வியாபாரி மகளை. மாமனாரு வீட்டுக் காசோட பெர்லினுக்குப் போயி, ரெண்டு வருசம் வீட்டுலயே படிக்கற பசங்க ஆர்கெஸ்ட்ராவை வெச்சுக் குச்சி வீசிப் பழகுனாரு. 1908ல பெர்லின் பில்ஹார்மானிக்கையே வாடகைக்குப் புடிச்சு மேடை ஏறிட்டாரு. பசங்க மேல பழகுன கடனுக்குத்தான் பின்னால பசங்களுக்குப் பள்ளிக்கூடம் வெச்சாருன்னு நான் நெனச்சுக்குவேன். உங்களுக்கு அப்படியொரு மாமனாரு வாய்க்கலை போல. அதனால என்னங்க, பழக ஓசியில ஒரு ஆர்கெஸ்ட்ரா கெடைச்சிருக்குதல்ல.

அங்க போனதும் உங்க குருநாதரு கதைய எடுத்து உட்றாதீங்க. ஒத்திகைன்னு கெடைக்கறதே கொஞ்ச நேரம். மாலர் சாவைப் பத்தி என்ன நெனச்சாருன்னு நீங்க விளக்கற நேரத்துல, ரெண்டாவது பஸூன் வாசிக்கற பையன் ரீடை வாயில வெச்சு ஈரப்படுத்திக்கிட்டே உங்க மூஞ்சியப் பாத்துட்டிருப்பான். ஞானத்தைக் கேக்கறான்னு நெனச்சுக்குவீங்க. அவனுக்கு வேணுங்கறது, அந்த எடத்துல சத்தத்தைக் கொறைக்கறதா, வேகத்தைக் கொறைக்கறதாங்கற ஒண்ணுதான். "இன்னொருக்கா"ன்னு சொன்னீங்கன்னா எதுக்குன்னும் சேத்துச் சொல்லுங்க. எதுக்குன்னு தெரியலைன்னா கைக்குட்டைய எடுத்து நெத்தியத் தொடைங்க. பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் அப்படித்தான் பண்றாங்க.

பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனி வாய்ச்சுதுன்னா இன்னும் சூதானமா இருக்கணுமுங்க. உலகத்துக்கே தெரிஞ்ச ஆரம்பம், ஆனா மொதல்ல வர்றது சத்தமில்லை, ஒரு சின்ன மௌனம். உங்க குச்சி அந்த மௌனத்துலதான் விழுகோணும். அதுக்குப் பொறவு மூணு சொரம் படபடன்னு வந்து, நாலாவது நீங்க விடற வரைக்கும் நிக்கும். வேகம், பலம், மூச்சு எல்லாத்தையும் அந்த ஒரே கையசைப்புல சொல்லியாகோணும். கண்ணாடி முன்னால ராத்திரியெல்லாம் பழகியிருப்பீங்க, பாவம். பசங்க அதுக்குள்ள தங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருப்பாங்க. மொத நாற்காலி வயலின்காரம்மா வில்லு எப்ப அசையுதோ, அப்ப எல்லாரும் சேந்து எறங்கறதுன்னு. கச்சேரி அருமையா ஆரம்பிக்கும். உங்க கையசைப்பை ஊரே மெச்சும். நீங்களும் வேண்டாம்னு சொல்லாதீங்க.

குச்சி விழுந்து ஒரு கணம் கழிச்சுத்தான் சத்தம் வரும், அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். வந்துருச்சான்னு காத்து நின்னீங்கன்னா, அவங்க உங்களுக்காகக் காத்திருப்பாங்க, நீங்க அவங்களுக்காகக் காத்திருப்பீங்க, பாட்டு நடுவுல படுத்துக்கும். எங்க காட்டுக் கெணத்துல மாடு கட்டிக் கவலை ஓட்டுனப்ப, தண்ணிச் சாலு மேல வர்ற நேரத்துல மாட்டை அதட்டுனவன் பாதித் தண்ணியக் கெணத்துக்கே திருப்பிக் குடுத்தான். வடத்து மேல உக்காந்து பாடிட்டுப் போனவனுக்குத்தான் வாய்க்கா நெறஞ்சுது.

பெர்ன்ஸ்டைன் 1990 ஆகஸ்டுல டேங்கிள்வுட்டுக்குக் கடைசியா வந்தப்ப, ஆகஸ்ட் 14ல பசங்களை வெச்சு கோப்லாண்டோட மூணாவது சிம்பொனிய நடத்துனாரு. அஞ்சு நாள் கழிச்சு பாஸ்டன் சிம்பொனியோட பீத்தோவன் ஏழாவது. மூணாவது பாகத்துல இருமல் புடிச்சுக்கிச்சு, பின்னால இருந்த கம்பியில சாஞ்சுட்டாரு. ஆர்கெஸ்ட்ரா நிக்கலைங்க, அதுபாட்டுக்குப் போச்சு. அவரும் சமாளிச்சு முடிச்சுட்டாரு. அக்டோபர்ல காலமாயிட்டாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் கை ஓஞ்சப்பவே பாட்டு நிக்கலைன்னா, உங்களுக்கு இருமல் வந்தாலும் பயப்பட ஒண்ணுமில்லைங்க. நெஞ்சுல கைய வெச்சுச் சொல்லுங்க, இதைக் கேட்டா உங்களுக்கு நிம்மதியா இருக்குதா, கடுப்பா இருக்குதா?

ஒத்திகையில எவனையும் மட்டந்தட்டிராதீங்க. அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்காரங்கள்ல அஞ்சுல ஒருத்தரு அங்க படிச்சவங்கன்னு பள்ளிக்கூடத்துக்காரங்களே சொல்லிக்கறாங்க. வந்துட்டுப் போன கண்டக்டரு எப்படின்னு வாசிக்கறவங்க கிட்ட எழுதி வாங்கற பழக்கம் அந்த நாட்டுல பல ஆர்கெஸ்ட்ராவுல இருக்குது. இன்னைக்கு நீங்க மட்டந்தட்டுன பையன், பத்து வருசங் கழிச்சு அந்தச் சீட்டோட உக்காந்திருப்பான். பேரு வேற போட வேண்டியதில்லை.

கச்சேரி ஒசாவா மண்டபத்துலதான இருக்கும்? 1994ல கட்டுனது. பின்பக்கச் சொவரைத் தொறந்துட்டா வெளிய புல்வெளியில உக்காந்தவங்களுக்கும் கேக்கும். நாங்க புளிசோத்துப் பொட்டலத்தோட அங்கதான் இருப்போம். எங்க எடத்துல இருந்து உங்க மூஞ்சி தெரியாது, கண்ணீரு தெரியாது, நீங்க எவ்வளவு குதிச்சாலும் எங்களுக்கு வந்து சேராதுங்க. காது மட்டுந்தான் தொறந்திருக்கும்.

முடிஞ்சு கை தட்டறப்ப ஹாரன்காரனை எழுப்புவீங்க, ஓபோக்காரம்மாவை எழுப்புவீங்க, டிம்பனி அடிச்சவனையும் எழுப்புவீங்க. வயோலாக்காரங்க நெனப்பு எந்தக் கண்டக்டருக்கும் வர்றதில்லை. நீங்க மறந்துராதீங்க. மூணாவது ஸ்டேண்டுல உள்பக்கம் உக்காந்து தாள் திருப்பற அம்மிணி ஒண்ணு இருக்கும், அதை நல்லாப் பாத்துக் கை காட்டுங்க. என்ற பேத்தின்னு நான் எங்கியும் சொல்லலைங்க.