யாரும் தொடாத ஊசல்

பதினொன்றாம் வகுப்புக்குத் தனி ஊசல் நடத்த ஒரு நூல், ஒரு குண்டு, ஒரு ஸ்டாப் வாட்ச் போதும். பள்ளிக்கு ஹைடெக் லேப் வந்த பிறகு, போதும் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ‘ஃபெட்’. இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிமுலேஷன்கள். ஃபிளாஷில் ஓடும் பழையவற்றைப் பென் டிரைவில் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஃபிளாஷுக்கு 2020-ஓடு மூடுவிழா நடந்தது ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு அதிகாரி பார்வைக்கு வந்த அன்றுதான் தெரிந்தது. பிறகு புதிய பதிப்பில் நிலவிலும் வியாழனிலும் ஊசலை ஆட்டிக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மவுஸை மட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

அடுத்து, நாமே ஒன்று செய்வோம் என்று எக்ஸெலைத் திறந்தேன். ஆய்லர் முறைதான். நீளம் 1 மீட்டர். 0.1 நொடிக்கு ஒரு வரி: இருக்கும் கோணத்திலிருந்து முடுக்கம், முடுக்கத்திலிருந்து அடுத்த வேகம், பழைய வேகத்திலிருந்து அடுத்த கோணம். 5 டிகிரியில் விட்ட குண்டு அந்தப் பக்கம் 8 வரை போனது. திரும்பி வந்தபோது 13. பத்து நொடி ஆவதற்குள் 180-ஐயும் தாண்டிவிட்டது.

“சார், யாரு ஆட்டி விடுறது?” என்றான் கடைசி பெஞ்ச்.

“வைரஸ் இருக்கும்ப்பா” என்றேன். எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவன் சொன்ன பதில்.

வீட்டில் உட்கார்ந்து இடைவெளியை 0.01 நொடியாக்கிப் பார்த்தேன். பத்து நொடியில் 8 டிகிரி. மானம் கொஞ்சம் மீண்டதே தவிர, வீச்சு வளர்வது நிற்கவில்லை. ஒவ்வொரு அடியிலும் பழைய வேகத்தையே நம்பி நகர்வதால், இல்லாத ஆற்றல் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. கோணத்துக்குப் புதிய வேகத்தை எடுத்தால் போதும், ஊசல் அடங்கிவிடும். ஆலன் குரோமர் 1981-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். கண்டுபிடித்தது அவரல்ல, நிரலில் வரிகளைத் தவறுதலாக இடம் மாற்றிப் போட்ட ஓர் அமெரிக்கப் பள்ளி மாணவி. என் வகுப்பில் அப்படிச் செய்திருந்தால் சிவப்பு மையில் சுழித்து, இரண்டு மதிப்பெண்ணும் குறைத்திருப்பேன்.

ஒரே ஒரு செல்லை மாற்றினேன். மறுநாள் திரையில் ஊசல் பிசகாமல் ஆடியது, 2 நொடிக்கு ஓர் அலைவு. நான் வெற்றிக் களிப்பில் நிற்கும்போது முன்வரிசைப் பெண் கேட்டாள், “நிஜ ஊசல் நின்னுடுமே சார், இது ஏன் நிக்கல?”

காற்றின் தடையைச் சேர்க்கவில்லை. பொதுத் தேர்வுக்கு வராது என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, நீயே சேர்த்துப் பாரேன் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் வேகத்தை ஒரு சிறிய எண்ணால் பெருக்கி முடுக்கத்தோடு கூட்டினாள். கூட்டினால் ஊசல் மறுபடியும் கூரைக்கு ஏறும். ஏறட்டும், அவளே பார்த்துக்கொள்வாள், வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் பின்னால் கைகட்டி நின்றேன்.

அவள் என்டர் தட்டுவதற்குள், “மைனஸ் போடும்மா” என்று சொல்லிவிட்டேன்.