பழசு என்ற குற்றம்

கிளிநொச்சியில் வெப் டெவலப்பர் ஒருவரிடம் எந்த நிரல்மொழி நல்லது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பெடியன் ஆனாலென்ன, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் ஆனாலென்ன, முதல் பதில் ஒன்றுதான்: "பிஎச்பியோ? அதை இப்ப ஆர் அண்ணை பாவிக்கிறது?"

பிஎச்பி வெளிவந்தது 1995இல். அப்படிக் கேட்பவர் தலையில் தூக்கிவைத்து ஆடும் ஜாவாஸ்கிரிப்டும் அதே ஆண்டுதான். பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதி முடித்தார். ஒரே வயதில் ஒருவர் கிழவர், மற்றவர் மாப்பிள்ளை!

பரந்தன் சந்தியில் ஒரு புடைவைக்கடைக்கு இணையப் பக்கம் செய்யவேண்டும். தேவை கடையின் பெயர், தொலைபேசி இலக்கம், நாலு சேலைப்படம். வேலையை எடுத்த டெவலப்பர் தம்பி, ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் தொடங்கினார். அதற்கென்று இறங்கிய மென்பொருள் பொதிகளிலேயே மாத டேட்டா முடிந்தது. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரிப் பொதியை எழுதியவர் அதை நீக்கியபோது, பெரிய நிறுவனங்களின் வேலைகளே முடங்கின. அந்தக் கதையைச் சொன்னேன். "அதுக்குத்தான் அண்ணை, இன்னொரு பொதி இருக்கு" என்றார்.

திரையைக் கறுப்பாக்கும் டார்க் மோட் இல்லாமல் தம்பிக்கு வேலையும் ஓடாதாம். 2022இல் ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்து நாடே டார்க் மோடில் கிடந்தது. அப்போது ஒருவரும் ரசிக்கவில்லை.

கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, சேலைப் படத்தைப் பேஸ்புக்கில போட்டுவிடும். காணும்."